எட்டு எண்ணில் ஒரு நெஞ்சு

மருத்துவமனையின் அடித்தளத்தில் நான்காம் எண் அறைதான் எக்ஸ்ரே அறை. அங்கே இருபத்தாறு வருடமாகப் படம் எடுத்துவந்தவளை எல்லோரும் மூச்சக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். காலை எட்டு மணியிலிருந்து மாலை வரை அந்தக் கனத்த கதவுக்கு வெளியே வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கேட்பதெல்லாம் ஒரே குரல்தான். "மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க. ம்... விடலாம்." காது கேட்காதவர்கள் வந்தால் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று தன் நெஞ்சை நிமிர்த்தி, கன்னத்தை உப்பிக் காட்டுவாள். அழுகிற குழந்தை வந்தால் அழட்டும் என்று விட்டுவிடுவாள். அழுகைக்கு நடுவே குழந்தை நீளமாக மூச்சிழுக்கிற அந்த ஒரு நொடியில் பொத்தானை அழுத்துவாள். நாலாம் எண் அறைப் படம் என்றாலே டாக்டர்கள் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். தோள்பட்டை எலும்பு நுரையீரல்மேல் விழுந்திருக்காது. அடிப்பாகம் கசங்கியிருக்காது.

ஆனால் படம் எடுப்பவள் படத்தைப் படித்துச் சொல்லக் கூடாது. அது டாக்டர் வேலை. இருபத்தாறு வருடம் நெஞ்சுகளைப் பார்த்தவளுக்குக் கண்ணில் படாமலா இருக்கும்? படும். திரையில் படம் விழுந்த கணத்திலேயே சில நாள் விஷயம் புரிந்துவிடும். வெளியே சட்டைப் பொத்தானைப் போட்டபடி ஒருவர் கேட்பார், "என்னம்மா, ஏதாவது இருக்கா?" அவள் முகம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருக்கும். "டாக்டர் சொல்லுவாங்க."

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வாய்த்துடுக்கு. வீட்டுக்கு யார் வந்தாலும் இதைச் சொல்லாமல் விடமாட்டார்: "நான் ஒருநாள் லிஃப்ட் கூண்டோட கீழ விழுந்து கிடந்தாலும் இவ வந்து எட்டிப் பார்த்துட்டு, 'டாக்டர் சொல்லுவாங்க'ன்னுதான் சொல்லுவா."

ஒரு செவ்வாய்க்கிழமை, நெஞ்சுப் படங்களைப் படிக்கிற டாக்டர் படியிறங்கி நான்காம் அறைக்கே வந்துவிட்டார். வழக்கமாக அவர் போனில்தான் பேசுவார்.

"மூச்சக்கா, நாளைக்கு மதியம் பல்கலைக்கழகம் வரைக்கும் போயிட்டு வர முடியுமா?"

"அங்கே யாருக்கு டாக்டர் நெஞ்சு வலி?"

"ஆளுக்கு இல்ல. மெஷினுக்கு."

அவர் நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னார். ஊரைச் சுற்றி முப்பது நாற்பது கல் பட்டறைகள் இருந்தன. சமையலறை மேடைக்கும் தரைக்கும் கல்பலகை அறுத்து மெருகேற்றுகிற பட்டறைகள். அங்கே வேலை செய்பவர்களின் நுரையீரலில் கல்தூசி படிந்து, வருடக் கணக்கில் சத்தமில்லாமல் தழும்பாகிவிடும். மூச்சு வாங்க ஆரம்பித்து ஆள் மருத்துவமனைக்கு வரும்போது பாதி நுரையீரல் இறுகியிருக்கும். முன்கூட்டியே கண்டுபிடித்தால் தூசியிலிருந்து விலக்கிவிடலாம். ஆனால் ஆரம்பத்தில் படத்தில் தெரிவது ஊசிமுனையால் குத்தியதுபோல் சில புள்ளிகள் மட்டும்தான். அவர் கண்ணுக்கே பாதி தப்பிவிடும். அதனால் பல்கலைக்கழகத்தில் இருந்த பேராசிரியர் ஒருவரிடம் தொள்ளாயிரம் படங்களைக் கொடுத்திருந்தார், ஆட்களின் பெயர், அடையாளம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு. அங்கே ஒரு குவாண்டம் கம்ப்யூட்டர் இருந்தது. நோயுள்ள படத்தையும் நோயில்லாத படத்தையும் காட்டிக் காட்டி அதைப் பழக்கிக்கொண்டிருந்தார்கள்.

"நூத்துக்குத் தொண்ணூத்தேழு சரியாச் சொல்லுதாம்" என்றார் டாக்டர்.

"நல்லதுதானே?"

"அதுதான் எனக்கு இடிக்குது. இதே படங்களை என்கிட்ட கொடுத்தா நான் எண்பதைத் தாண்டமாட்டேன். படத்துல எனக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு அதுக்குத் தெரியுது. இந்தப் படங்களைப் பத்தி என்னைவிட உங்களுக்குத்தான் அதிகம் தெரியும். போய்ப் பாருங்க."

மறுநாள் இரண்டு பஸ் மாறிப் போனாள். பேராசிரியர் அவள் வயதுப் பெண்மணி. குட்டை முடி, சட்டைப் பையில் நாலு பேனா. பேசும்போது கைகள் அடங்காது. "வாங்க, வாங்க" என்று நேரே ஆய்வறைக்கே கூட்டிக்கொண்டு போனார்.

அறை நடுவில் இரும்புச் சட்டத்திலிருந்து ஒரு வெள்ளை உருளை தொங்கிக்கொண்டிருந்தது. ஆளுயரம் இருக்கும். மேலிருந்து குழாய்களும் கம்பிகளும் கொத்துக் கொத்தாக அதற்குள் இறங்கின. எங்கிருந்தோ 'ச்சிக்... ச்சிக்...' என்று விடாமல் ஒரு சத்தம் வந்தது. மூச்சக்காவுக்குச் சப்பென்று இருந்தது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைத் தலைகீழாகத் தொங்கவிட்டதுபோல் இருந்தது அது.

"இதுவா மேடம்?"

"இது வெளிக்கூடு. உள்ளே அடியில என் நகம் அளவுக்கு ஒரு சில்லு இருக்கு. அதுதான் கம்ப்யூட்டர். மத்ததெல்லாம் அதைக் குளிர வைக்கிறதுக்கு."

"எவ்வளவு குளிர்?"

"நட்சத்திரங்களுக்கு நடுவுல, ஒண்ணுமே இல்லாத இடம் இருக்கே, அதைவிட இருநூறு மடங்கு குளிர்."

மூச்சக்கா கையை நீட்டிவிட்டுப் பாதியில் நிறுத்தினாள். "தொடலாமா?"

"தாராளமா."

தொட்டாள். உள்ளங்கைக்குச் சாதாரண இரும்பலமாரிபோல் இருந்தது. குளிர்ச்சியே இல்லை. அடுக்கடுக்கான கூடுகளுக்கு நடுவே காற்றைக்கூட உறிஞ்சி எடுத்துவிட்டதாகவும், அதனால் வெளிச்சூடு உள்ளே போக வழியே கிடையாது என்றும் பேராசிரியர் சொன்னார். அவள் கையை எடுக்கவில்லை. ஒரு முழ தூரத்தில் அப்பேர்ப்பட்ட குளிர், இந்தப் பக்கம் தன் வேர்த்த கை. எக்ஸ்ரேயைப் பார்த்துப் பழகியவள்தான். கண்ணுக்குத் தெரியாதது ஆளை ஊடுருவிப் போகும் என்பது அவளுக்குப் புதிதில்லை. ஆனால் இது வேறு மாதிரி இருந்தது. பெரிய வீட்டில் யாரோ தூங்கிக்கொண்டிருக்கும்போது நடப்பதுபோல அவள் காலடியை மெதுவாக வைத்தாள்.

"அந்த நகத்தளவு சில்லுக்குள்ள நெஞ்சுப் படம் எப்படி மேடம் போகும்?"

"போகாது" என்று சிரித்தார் பேராசிரியர். "எங்க மெஷின் இன்னும் கைக்குழந்தை. முதல்ல சாதாரண கம்ப்யூட்டர் ஒண்ணு முழுப் படத்தையும் பார்த்து, சாறு பிழியிற மாதிரி பிழிஞ்சு எட்டே எட்டு எண்ணாக்கும். அந்த எட்டும்தான் உள்ளே போகும். உள்ளே எட்டு முள் இருக்குன்னு வச்சுக்கோங்க. முதல் எண் முதல் முள்ளை எவ்வளவு சாய்க்கணும்னு சொல்லும், ரெண்டாவது எண் ரெண்டாவது முள்ளை. பிறகு எட்டு முள்ளையும் ஒண்ணோட ஒண்ணு பின்னிவிடுவோம். பின்னின பிறகு ஒண்ணை மட்டும் தனியாப் பார்த்து ஒண்ணும் சொல்ல முடியாது. எட்டும் சேர்ந்துதான் ஒரே பேச்சு. நோய் இருக்குன்னு ஒரு பக்கம் சாயும், இல்லேன்னா மறுபக்கம்."

"சாஞ்சதும் பார்த்துடலாமா?"

"பார்த்தா கலைஞ்சிடும். ஒரு தடவை பார்த்தா ஒரே ஒரு பதில், ஆமா இல்லேன்னா இல்ல. அதனால மறுபடி முதல்லேர்ந்து. ஒரே படத்தை ஆயிரம் தடவை கேட்போம். ஐந்நூறுக்கு மேல 'ஆமா' வந்தா நோய்."

"அந்தப் பின்னல் எவ்வளவு நேரம் தாங்கும்?"

"ஒரு வினாடியைப் பத்தாயிரம் துண்டு போட்டீங்கன்னா அதுல ஒரு துண்டு. அதுக்குள்ள வேலை முடியணும்."

ஒரு நொடி மூச்சைப் பிடிக்கச் சொல்லி மூச்சக்கா ஒரு நாளில் எத்தனை பேரிடம் மல்லுக்கட்டியிருக்கிறாள்! இங்கே ஒரு மனிதனின் நெஞ்சு எட்டு எண்ணாகச் சுருங்கி, அண்டவெளியைவிடக் குளிரான இடத்துக்குள் இறங்கி, கண்ணிமைப்பதற்குள் நூற்றுக்கணக்கான முறை பின்னிப் பிரிந்துவிடுகிறது. அந்த மனிதன் எங்கேயோ பட்டறையில் கல் அறுத்துக்கொண்டிருப்பான். அவனுக்கு இது தெரியவே தெரியாது.

பிறகு உட்கார்ந்து படங்களைப் பார்த்தார்கள். பேராசிரியருக்கும் அந்தத் தொண்ணூற்றேழில் சந்தேகம் இருந்தது. அதனால் ஒரு சோதனை வைத்திருந்தார். படத்தில் சின்னச் சதுரமாக ஒரு இடத்தைக் கறுப்பால் மறைப்பது, பதில் மாறுகிறதா என்று பார்ப்பது. பதில் மாறினால் மெஷின் அந்த இடத்தைத்தான் நம்பியிருக்கிறது என்று அர்த்தம். இப்படிப் படம் முழுக்க நகர்த்தி நகர்த்தி மறைத்திருந்தார்கள். முக்கியமான இடங்கள் சிவப்பில் தெரிந்தன.

"பாருங்க, நுரையீரலை மறைச்சா பதில் மாறவே இல்ல. மேல் மூலையில ஒண்ணுமே இல்லாத இடத்தை மறைச்சா மாறுது. மெஷின்ல ஏதோ கோளாறுன்னு மூணு மாசமா மண்டையை உடைச்சுக்கிறோம்."

மூச்சக்கா திரைக்குப் பக்கத்தில் போனாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தாள். அடுத்த படம். அடுத்தது.

"ஒண்ணுமே இல்லாத இடம் இல்ல மேடம். எழுத்து இருக்கு."

இடது பக்கம் எது என்று தெரிவதற்காக ஒவ்வொரு படத்திலும் ஈயத்தில் செய்த 'எல்' எழுத்து ஒன்றை மூலையில் வைப்பார்கள். அது எல்லாப் படத்திலும் இருப்பதுதான். ஆனால் சிவப்பு விழுந்த படங்களில் அந்த எழுத்து லேசாகச் சாய்ந்திருந்தது.

"இது வேன் எழுத்து" என்றாள். "முன்னாடி பட்டறை பட்டறையா ஒரு எக்ஸ்ரே வேன் போகும். ரெண்டு வருஷம் நானே அதுல இருந்தேன். அதோட எழுத்து உடைஞ்சு போச்சு, பசை டேப்பு போட்டு ஒட்டினேன். நேரா நிக்கவே நிக்காது. இந்தச் சாய்ஞ்ச எழுத்து இருந்தா வேன் படம். வேன் படம்னா கல் பட்டறை ஆளு. பட்டறை ஆளுன்னா பெரும்பாலும் நோயாளி. நேரா நிக்கிற எழுத்து எல்லாம் ஆஸ்பத்திரியில எடுத்தது, நல்லா இருக்கிறவங்க. உங்க மெஷின் நெஞ்சையே பார்க்கல மேடம். என் டேப்பைப் பார்த்திருக்கு."

பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

எழுத்துகளை எல்லாம் வெட்டியெறிந்துவிட்டு மறுபடி பழக்கினார்கள். தொண்ணூற்றேழு அறுபத்தெட்டுக்கு இறங்கியது. அதைக் கேட்ட அன்று மூச்சக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"நான் பாட்டுக்கு வாயை மூடிக்கிட்டு வந்திருக்கலாம். அந்தம்மாவோட மூணு வருஷ உழைப்பு" என்றாள் கணவரிடம்.

"லிஃப்ட் எந்த மாடியில நிக்குதுன்னு காட்டுற விளக்கு தப்பாக் காட்டினா சொல்லணுமா, வேண்டாமா?" என்றார் அவர். "ஏழாவது மாடின்னு கதவைத் திறந்து காலை வச்சா உள்ளே வெறும் கிணறு. நீ சொன்னதுதான் சரி. சாப்பிடு."

பேராசிரியரும் அப்படித்தான் நினைத்தார் போலிருக்கிறது. மறு வாரமே டாக்டருடன் மூச்சக்காவைத் தேடி மருத்துவமனைக்கு வந்தார். புதிதாகப் படம் வேண்டும், ஒரே அறையில், ஒரே கருவியில், ஒரே கை எடுத்த படம். பட்டறை ஆட்கள் பாதி, தூசிக்குச் சம்பந்தமில்லாதவர்கள் பாதி. யாருக்குச் சம்மதமோ அவர்களை மட்டும்.

அந்த ஏழு மாதம் மூச்சக்கா காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைந்தாள். விடுமுறை நாளில் பட்டறைகளுக்குப் போய்த் தண்ணீர் சிதறும் அறுவை மேடைகளுக்கு நடுவே நின்று, வரச்சொல்லிக் கெஞ்சினாள். பயந்தவர்களிடம் பேசினாள். வேலை போய்விடுமோ என்று தயங்கியவர்களிடம், பெயர் வெளியே போகாது, பட்டியல் டாக்டரின் பூட்டிய அலமாரியில் இருக்கும் என்று எடுத்துச் சொன்னாள். தூசி படாத ஆட்களுக்கு மருத்துவமனையிலேயே வலை வீசினாள். நர்சுகள், கணக்கர்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள், காவலாளிகள். தன் கணவரையும் விட்டுவைக்கவில்லை. தினமும் தன்னோடு உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடுகிற பல்லுத் தம்பியைக் கையைப் பிடித்தே இழுத்துவந்தாள்.

பல்லுத் தம்பி அதே அடித்தளத்தில், நடைவழியின் மறுகோடியில், பொய்ப்பல் செய்கிறவன். நாற்பத்தெட்டு வயது. ஜன்னலில்லாத சின்ன அறை, ஒரு மேசை, ஒரு சுழலும் அரம். ஊரில் பாதிப் பேரின் சிரிப்பு தன் கையால் செய்தது என்று பீற்றிக்கொள்வான். சட்டையைக் கழற்றிவிட்டு நின்றபோது, "அக்கா, என் நெஞ்சுல உங்க தம்பி பாசத்தைத் தவிர வேற ஒண்ணும் இருக்காது, பார்த்துக்கோங்க" என்றான்.

"பேசாதே. மூச்சை இழு."

முந்நூற்று இருபது படங்கள் சேர்ந்தன. பழக்கினார்கள். கடைசியில் மெஷின் பார்த்தேயிராத நாற்பது படங்களைத் தனியே எடுத்து வைத்துப் பரீட்சை. இரண்டு டாக்டர்கள் ஒருவருக்கொருவர் தெரியாமல் அந்த நாற்பதையும் படித்து எழுதிக்கொடுத்தார்கள். சாதாரண கம்ப்யூட்டர் தனியாகப் பதில் சொன்னது. பேராசிரியரின் குளிர்ப்பெட்டி தனியாகச் சொன்னது.

புதன்கிழமை மூச்சக்கா போனபோது பேராசிரியர் பூசிமெழுகவில்லை. "டாக்டர்கள் சொன்னதோட ஒத்துப்போனது, சாதாரண கம்ப்யூட்டர் முப்பத்து நாலு. நம்மது முப்பத்து நாலு. சமம்தான். இதுக்கு இவ்வளவு பெரிய குளிர்ப்பெட்டி எதுக்குன்னு நாலு பேர் கேட்பாங்க. கேட்கட்டும். நடக்கப் பழகுற குழந்தை ஓடுறவனோட சமமா வந்து நிக்குதே, அதுவே எனக்குப் பெரிசு." பிறகு, மெஷின் தப்பாகச் சொன்ன ஆறு படங்களையும் சுவரில் போட்டுக் காட்டினார். "இதுல உங்க கண்ணுக்கு ஏதாவது படுதா? மறுபடி டேப்பு எதையாவது பார்த்திருக்கப் போகுது."

மூச்சக்கா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஐந்தாவது படத்தில் நின்றுவிட்டாள். அதன் எண் இருபத்து மூன்று. டாக்டர்கள் இருவரும் 'நோய் இல்லை' என்று எழுதியிருந்தார்கள். சாதாரண கம்ப்யூட்டரும் இல்லை என்றது. குளிர்ப்பெட்டி மட்டும் ஆயிரத்தில் அறுநூற்று முப்பத்தொரு முறை 'ஆமாம்' என்றிருந்தது.

நோயை அவள் பார்க்கவில்லை. அவள் பார்த்தது கழுத்துக்குக் கீழே இருக்கும் இடது காறை எலும்பை. நடுவில் ஒரு பழைய முறிவு ஆறி, முடிச்சு விழுந்திருந்தது. இளம் வயதில் சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்த கதையை அவளுக்கு நூறு முறையாவது சொல்லியிருக்கிறான் அந்த எலும்புக்குச் சொந்தக்காரன்.

மூச்சக்காவின் முகம் துடைத்த தட்டுப்போலவே இருந்தது. "மேடம், இருபத்து மூணை மறுபடி ஓட்டிப் பாருங்களேன்" என்று மட்டும் சொன்னாள்.

"ஏன்? ஏதாவது தெரியுதா?"

"எனக்கு ஒண்ணும் தெரியல. அதுக்குத் தெரியுதான்னு பார்க்கணும்."

பேராசிரியர் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். மெஷினின் மனநிலை நாளுக்கு நாள் மாறும், அதனால் மூன்று வெவ்வேறு நாளில் கேட்டால்தான் நம்ப முடியும் என்றார்.

அடையாளம் தெரிந்துவிட்டது என்று மூச்சக்கா வெளியே சொல்ல முடியாது. அந்த வாக்குக் கொடுத்துத்தான் முந்நூற்று இருபது பேரைக் கூட்டிவந்தாள். அடுத்த நாள் மதியம் வழக்கம்போலப் பல்லுத் தம்பியின் அறையில் ரொட்டியும் அவித்த முட்டையும் பிரித்து வைத்து உட்கார்ந்தாள். அவன் சாப்பிடும் முன் அவசரமாக ஒரு பல்வரிசையை அரத்தில் தேய்த்தான். வெள்ளைத்தூள் புகையாகக் கிளம்பியது. வாயால் ஊதினான். விரலால் துடைத்தான். மறுபடி ஊதினான்.

மூச்சக்கா அப்போதுதான் பார்த்தாள். பன்னிரண்டு வருடமாக அவள் கண்முன்னே இருந்ததுதான். அவன் சட்டைக் கையில், புருவத்தில், காதோர முடியில், மேசை விளிம்பில், உரித்து வைத்த முட்டையின்மேல் மெல்லிய மாவுபோல் படிந்திருந்தது. வார்ப்புக் கட்டியை உடைக்கும்போதும், மணலைப் பீய்ச்சி உலோகத்தைச் சுத்தம் செய்யும்போதும் பறக்கிற தூசி. கல் பட்டறையில் கல்லைப் பார்த்தாள், தூசியைப் பார்த்தாள், ஊரெல்லாம் சுற்றினாள். தன் நடைவழிக் கோடியில் இருப்பவனைத் 'தூசிக்குச் சம்பந்தமில்லாதவர்' பட்டியலில் தன் கையாலேயே சேர்த்திருக்கிறாள். டாக்டருக்கும் தோன்றவில்லை. யாருக்கும் தோன்றவில்லை. இவன் யார், என்ன தொழில் என்று எதுவுமே தெரியாமல், எட்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்று 'இவனைப் பார்' என்கிறதே!

"என்னக்கா அப்படி முறைக்கிறீங்க? என் மூஞ்சியில என்ன?"

"தூசி. போய் மூஞ்சியைக் கழுவிட்டு வா. இனிமே என் அறையில சாப்பிடலாம்."

"என்ன திடீர்னு மரியாதை?"

"கழுவுன்னா கழுவு."

இரண்டாம் நாள் அறுநூற்று நாற்பத்தாறு. மூன்றாம் நாள் அறுநூற்றுப் பதினெட்டு. நான்காவதாகப் பேராசிரியர் தன் திருப்திக்கு ஒருமுறை ஓட்டினார். அறுநூற்று முப்பத்தொன்பது. பேராசிரியர் டாக்டருக்குப் போன் செய்தார். டாக்டர் பூட்டிய அலமாரியைத் திறந்து பட்டியலைப் பார்த்தார். பார்த்தவர் படியிறங்கி வந்து நான்காம் அறை வாசலில் நின்றார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்லையா?"

இந்த முறை மூச்சக்காவின் முகம் அவள் சொன்னபடி கேட்கவில்லை. உதடு துடித்தது. டாக்டர் அவளுக்காக நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அன்றே சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றன்மேல் ஒன்றாக மறைந்து கிடப்பதை அது துண்டு துண்டாக நறுக்கிக் காட்டும். டாக்டர் திரையில் ஒவ்வொரு துண்டாக நகர்த்தினார். இரண்டு நுரையீரலின் மேல்பகுதியிலும் ஊசிமுனைப் புள்ளிகள். வெகு மெல்லியவை. மொத்தம் பதினேழு. டாக்டர் பழைய எக்ஸ்ரேயைப் பக்கத்தில் வைத்து, இருக்கிறது என்று தெரிந்த பிறகும் தேடினார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி தேடினார். "எனக்கு இப்பவும் தெரியலையே" என்று தனக்குள்ளேயே சொன்னார். குரல் ஏறக்குறையக் கோயிலில் பேசுகிறவர் குரல்போல் இருந்தது.

பல்லுத் தம்பியிடம் ஒளிக்காமல் சொன்னார்கள். படிந்தது போகாது. ஆனால் இது ஆரம்பம். இனி தூசி உள்ளே போகாவிட்டால் பெரும்பாலும் இத்தோடு நிற்கும்.

அவன் தன் கையைத் திருப்பிப் பார்த்தான். "இருமல்கூட வரலையே டாக்டர்" என்றான். பிறகு, "நான் அதைப் பார்க்கணும்" என்றான்.

"எதை?"

"என்னைப் பார்த்ததே, அதை."

இரண்டு வாரம் கழித்து அவனை மூச்சக்கா கூட்டிக்கொண்டு போனாள். நல்ல வேளையாக அன்று குளிர்ப்பெட்டியைப் பழுதுபார்க்கத் திறந்திருந்தார்கள். வெள்ளைக் கூடுகள் கழன்று தரையில் நின்றன. உள்ளே இருந்ததை மூச்சக்காவும் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். தட்டுத் தட்டாகத் தங்கம். ஐந்தாறு அடுக்கு, கீழே வர வரச் சிறுத்துக்கொண்டே வந்தது. அடுக்குகளுக்கு நடுவே நூற்றுக்கணக்கான மெல்லிய குழாய்கள், ஒன்றுபோல வளைந்து, ஒன்றையொன்று தொடாமல் இறங்கின. எல்லாவற்றுக்கும் அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள்தான் சில்லு. அறையில் பம்புகளை நிறுத்தியிருந்தார்கள், அந்த 'ச்சிக்... ச்சிக்...' சத்தம் இல்லை. அவ்வளவு அமைதி.

பல்லுத் தம்பிதான் முதலில் வாயைத் திறந்தான். தொழில் கண். "தங்க முலாம் மேடம். உள்ளே செம்பு. சுத்தமான வேலை. விளிம்புல ஒரு பிசிறு இல்ல பாருங்கக்கா." குனிந்து அந்தச் சின்னப் பெட்டியை உற்றுப் பார்த்தான். "என்னை எத்தனை தடவை மேடம் பார்த்துச்சு?"

"நாலு நாள். நாலாயிரம் தடவை."

"என் பெண்டாட்டி இருபது வருஷத்துல அவ்வளவு தடவை பார்த்திருக்க மாட்டா."

பேராசிரியர் சிரித்தார். பிறகு கை இரண்டையும் கோத்துக்கொண்டு, "உங்ககிட்ட உண்மையைச் சொல்லணும்" என்றார். "இது தற்செயலாக்கூட இருக்கலாம். நாற்பதுல ஆறு தப்புச் சொன்ன மெஷின் இது. மத்த அஞ்சு தப்பும் தப்புத்தான், சரிபார்த்துட்டோம். ஒரே ஒரு படத்தை வச்சு இதை வைத்தியம்னு நான் சொல்லமாட்டேன். இன்னும் ஆயிரக்கணக்கா பார்க்கணும்."

"பாருங்க மேடம், நல்லா பாருங்க" என்றான் அவன். "உங்களுக்கு அது ஒரு படம். எனக்கு இருக்கிறதே ஒரு நெஞ்சு."

பேராசிரியர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ ஒரு திருகாணியைத் தேடினார்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் படிப்படியாக நடந்தது. டாக்டர் சுற்றுவட்டாரத்தில் பொய்ப்பல் செய்கிறவர்களுக்கெல்லாம் கடிதம் போட்டார். பதினொரு பேர் வந்தார்கள். ஸ்கேனில் மூன்று பேருக்குப் புள்ளிகள் இருந்தன. மூவருக்குமே அதுவரை ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. பல்லுத் தம்பியின் மேசை ஜன்னலுள்ள மேல்மாடி அறைக்குப் போயிற்று. அரத்துக்குப் பக்கத்தில் தூசியை உறிஞ்சும் குழாய் ஒன்றை மூச்சக்காவின் கணவர் தன் நண்பர்களோடு வந்து பொருத்திக் கொடுத்தார். ஊதினால் திட்டு விழும் என்று சுவரில் எழுதியும் வைத்தார். பேராசிரியர் இப்போது எட்டை விட்டுப் பதினாறு முள்ளுக்குப் போய்விட்டார். தப்புகள் குறைந்திருப்பதாகச் சொல்கிறார். ஆனால் உடனே "கொஞ்சம்தான்" என்றும் சேர்த்துக்கொள்கிறார். புதன்கிழமை மதியம் மூச்சக்கா தவறாமல் போகிறாள். உள்ளே நுழைந்ததும் செருப்பை வாசலில் விட்டுவிடுகிறாள். அங்கே யாரும் அப்படிச் செய்யச் சொன்னதில்லை.

இரண்டு வருடம் கழித்துப் பல்லுத் தம்பிக்கு மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் பழையதையும் புதியதையும் பக்கம் பக்கமாகப் போட்டுக்கொண்டு, பென்சில் நுனியால் திரையைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். பல்லுத் தம்பி ஒரு பக்கம், மூச்சக்கா மறுபக்கம். ஒருவரும் அசையவில்லை. டாக்டர் ஒருமுறை எண்ணி முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"பதினேழு" என்றார். "அதே பதினேழுதான். ஒண்ணுகூடக் கூடல."